லிங்க் போட்டவளுக்கு

கருங்கல்
3 ஜூலை 2025

சஃப்னா,

நான் கடைசியா கடுதாசி எழுதினது பள்ளிக்கூடப் பரீட்சையில, தோழிக்கு மடல் வரைகன்னு கேட்ட கேள்விக்கு. அதுக்கப்புறம் இதுதான். நீ வேற வழி வைக்கல்லியே. வாட்சப்புல பிளாக், இன்ஸ்டாவுல பிளாக், விளிச்சா ஒரு மணியோட கட்டாகுது. ஷாஜனுக்க போன்ல இருந்து விளிச்சேன், அதையும் கண்டுபிடிச்சு பிளாக் பண்ணிட்ட. கட்டினவன் போனையும் விட்டு வைக்கல்லன்னு அவரு சிரிக்காரு. எனக்குச் சிரிப்பு வரல்ல.

பஸ் ஏறினா தேங்காப்பட்டணம் என்ன தூரமா? ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கு உனக்க மாமி வராந்தாவுலயே என்னை நிப்பாட்டி, "அவ உன்னைக் காணமாட்டா, போ மோளே"ன்னு சொன்னபிறகு உங்க வாசலுக்கு வர தைரியம் இல்ல.

உனக்க மாப்பிளை ஜாஸிம் அண்ணனுக்கு தோள் எப்படி இருக்கு? பக்கத்து வீட்டு கிரேசி அக்காவுக்க தம்பி உங்க கரைக்கு ஐஸ் வண்டி ஓட்டுறான்லா, அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு கடல்ல சேருற பொழிமுகத்துல வள்ளம் மறிஞ்சுதுன்னும், வேற வள்ளக்காரங்க தூக்கிப் போட்டுக் கொண்டு வந்தாங்கன்னும், தோள் எலும்பு ஒடிஞ்சுதுன்னும் சொன்னா. சொல்லிட்டு, "உனக்க லிங்க்ல வாங்கின லைஃப் ஜாக்கெட்டாமே, கேட்டியா"ன்னா.

கோபப்படாம ஒரு காரியம் கேளு. அந்த ஜாக்கெட்டை நான் செய்யல்ல. விக்கவும் இல்ல. ஆன்லைன் கடையில ஆரோ விக்குற சாமானைப் பத்தி வீடியோ போட்டு லிங்க் குடுப்பேன், அதை அமுக்கி வாங்கினா எனக்குக் கொஞ்சம் கமிஷன் வரும். அவ்வளவுதான் எனக்க சோலி. உனக்குத் தெரியாததா? பேஜுக்கு 'நம்ம வீட்டு லிங்க்'னு பேரு வச்சவளே நீதானே. அந்த ஜாக்கெட்டுக்கு நாலரை ஸ்டார் கெடந்துது, ரிவ்யூ ஆயிரக்கணக்குல. அதுக்கு மேல நான் என்னத்தைப் பாக்க? அதுவும் போக, பொழிமுகத்துல வள்ளம் மறியுறது இப்பம் புதுசா?

ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

பெபிஷா


தேங்காப்பட்டணம்
9 ஜூலை

பெபிஷாவுக்கு,

பொழிமுகத்துல வள்ளம் மறியுறது புதுசில்ல. அதுக்குத்தான் ஜாக்கெட் வாங்கினது.

என்ன நடந்துதுன்னு ஐஸ் வண்டிக்காரன் வழியா நீ அறிய வேண்டாம், நான் சொல்லுதேன். வலையெடுத்துட்டு காலத்த திரும்பி வரும்போ ஒரு திரை பொங்கி வள்ளத்தை அப்படியே மறிச்சுப் போட்டுது. அவியளுக்க தம்பி சபீரும் கூட இருந்தான். சபீர் ஜாக்கெட் போடமாட்டான், உனக்குத் தெரியும். அவன் மறிஞ்ச வள்ளத்தைக் கெட்டியாப் பிடிச்சுக் கெடந்தான். இவிய ஜாக்கெட்டை நம்பிக் கையை விட்டுட்டாவ. விட்டதும் ஒரு பக்கத்து பக்கிள் பிஞ்சு தனியாப் போச்சு. உள்ள இருந்த ஸ்பாஞ்சு தண்ணி குடிச்சு, சாயாவுல முக்கின பன்னு மாதிரி ஊறி, அவியளைக் கீழ இழுத்துது. அதைக் கழட்ட மல்லுக்கட்டிக்கிட்டு கெடந்தப்பதான் வள்ளத்துக்க ஓரம் வந்து தோள்ல இடிச்சுது.

ஜாக்கெட் போடாதவன் கரையில நடந்து வந்தான். போட்டவியளைத் தூக்கிட்டு வந்தாங்க. மனசிலாவுதா உனக்கு?

ஸ்டாராம். நான் ஸ்டார் எண்ணி வாங்கல்ல. உனக்க மூஞ்சியைப் பாத்து வாங்கினேன். "மழைக்காலம் வருது மக்களே, கடலுக்குப் போற நம்ம அண்ணன்மாருக்கு நான் பாத்துப் பாத்து எடுத்தது"ன்னு சொன்னியே, எங்க வச்சுப் பாத்த? ஒரு தடவை கையில எடுத்துப் பாத்தியா? போட்டுப் பாத்தியா?

பதில் எழுத வேண்டாம்.

சஃப்னா


கருங்கல்
17 ஜூலை

சஃப்னா,

வேண்டாம்னு சொன்னாலும் எழுதுதேன். வாசிக்காம கிழிச்சுப் போட்டாலும் சரி.

இல்ல. கையில எடுக்கல்ல. போட்டுப் பாக்கல்ல. அந்த வீடியோவுல உள்ள படம் எல்லாம் கடைக்காரன் போட்டது. எனக்க குரலை மட்டும் நான் சேத்தேன். அடுப்பாங்கரையில நின்னு, கறி கொதிக்கிற இடைவெளியில பேசினது.

உனக்க கடுதாசி வந்த அன்னைக்கே அதே ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டேன். பிரிச்சதும் குப்புன்னு ஒரு பெயின்ட் நாத்தம். ஷாஜனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னால உள்ள குளத்துக்குப் போனேன். அவருக்கு நல்லா நீச்சல் தெரியும், அதனால தானே மாட்டிக்கிட்டு எறங்கினாரு. கொஞ்ச நேரம் மல்லாந்து கெடந்து, கரையில துணி துவைச்ச பெண்ணுங்களுக்குக் கையெல்லாம் காட்டினாரு. "பாத்தியா, ஒண்ணுமில்ல. நீ சும்மா கெடந்து வெப்ராளப்படுத"ன்னாரு. நான் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே நின்னேன். பிறகு பேச்சு நின்னுபோச்சு. "ஏட்டி, இது கனக்குதுட்டி"ன்னாரு. கழட்டப் பாத்தா பக்கிள் கழலல்ல. படிக்கட்டுப் பக்கம் வந்து சேர அவருக்கு மூச்சு வாங்கிட்டு. அது குளம், சஃப்னா. திரை இல்லாத, அசையாத தண்ணி. அதுல எனக்க மாப்பிளைக்கு மூச்சு வாங்கினதைப் பாத்துட்டு படியிலயே இருந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை முழுசா வாசிச்சேன், முதல் தடவையா. தலைப்புல மீன்பிடி, படகு, நீச்சல்னு பெருசா கெடக்கு. படமெல்லாம் தாண்டி, ரிவ்யூவெல்லாம் தாண்டி, கடைசியில பொடி இங்கிலீஷ் எழுத்துல ஒரு வரி. கடல்ல பயன்படுத்துறதுக்கு இல்லையாம். அதைக் கீழ வரை தள்ளிப் பாத்திருந்தா நான் வாசிச்சிருப்பேன்.

லிங்கை எடுத்துட்டேன். ஆனா வாங்கினவங்க கையில ஜாக்கெட் இருக்கே. எத்தனை ஆர்டர்னுதான் எனக்குக் காட்டும், ஆருன்னு காட்டாது. எந்தக் கரையில ஆரு அதை மாட்டிக்கிட்டு வள்ளத்துல ஏறுறாங்களோன்னு நினைச்சா சோறு எறங்கல்ல.

குளத்துல எடுத்த வீடியோ போன்ல இருக்கு. போட்டா பேஜ் அதோட போச்சுன்னு ஷாஜன் சொல்லுதாரு. லிங்கைத்தான் எடுத்தாச்சே, பேசாம இருன்னு. இந்தப் பேஜ்தான் இப்பம் எனக்க சம்பளம், உனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு. போடட்டா? ஜாஸிம் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்லலாமா?

பெபிஷா


தேங்காப்பட்டணம்
22 ஜூலை

பெபிஷா,

பேனாவை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்கேன். உனக்கிட்ட சொல்ல ஒரு காரியம் இருக்கு, அது எழுத வரமாட்டேங்கு.

உனக்க லிங்க் எனக்கு வந்துது. இந்தக் கரையில மத்தவங்களுக்கு அனுப்பினது ஆரு? நான்தான். தெருப் பெண்ணுகளுக்க குரூப்புல, 'எனக்க கூட்டுக்காரி போட்டது, நம்பி வாங்கலாம்'னு அனுப்பினேன். நானும் தொட்டுப் பாக்கல்ல. உன்னைத் திட்டினா நெஞ்சு கொஞ்சம் ஆறிச்சு. அதனால திட்டிக்கிட்டே இருந்தேன்.

நேத்து அதை வாங்கின வீடு ஒவ்வொண்ணா ஏறி எறங்கி ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டேன். முப்ஷிரா ஒண்ணும் கேக்காம எடுத்துத் தந்துட்டா. இன்னொருத்தி, "நீதானே நல்லதுன்னு சொன்ன?"ன்னு முகத்தைப் பாத்துக் கேட்டா. ஆமான்னேன். வேற என்ன சொல்ல? கமருதீன் காக்கா மட்டும் தரமாட்டேன்னுட்டார். அவரு அதைச் சுருட்டி வள்ளத்துல எஞ்சின் பக்கத்துல போட்டு அதுக்கு மேலதான் இருக்காராம். "இருக்க நல்ல சொகமா இருக்கு மோளே, கொண்டு போவாதே"ங்கார். அந்தச் சோலிக்குன்னா கெடக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த மாசத்துல நான் அப்பதான் சிரிச்சேன்.

வீடியோவைப் போடு. அவியளுக்க பேரு வேண்டாம். ஊருக்குத் தெரிஞ்சது போதும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு தொடங்காதே, பாக்காம சொன்னது நான்னு தொடங்கு. அழவும் செய்யாதே. நீ அழுதா நான் பாதியில நிப்பாட்டிருவேன்.

அவியளுக்கு எலும்பு சேருது. முற்றத்துல கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு இருக்காவ. சோறு வேணுமான்னு கேட்டா தலையாட்டுவாவ. வேற பேச்சில்ல. நாங்க எல்லாரும் அந்த நாற்காலியைச் சுத்தித்தான் நடக்கோம்.

சஃப்னா


கருங்கல்
2 ஆகஸ்ட்

சஃப்னா,

அழல்ல. ரெண்டு தடவை எடுத்து ரெண்டுலயும் அழுதுட்டேன், அதை அழிச்சுட்டு மூணாவது எடுத்ததைத்தான் போட்டேன். பாத்திருப்பன்னு தெரியும். பிளாக் பண்ணினாலும் நீ முப்ஷிராவுக்க போன்ல பாப்ப.

முதல்ல ஒரு சத்தமும் இல்ல. பிறகு தொடங்கிச்சு. 'கமிஷன் வாங்கும்போ இந்த புத்தி எங்க போச்சு'ன்னு ஒருத்தன். 'இப்பம் நல்லவ வேஷம்'னு இன்னொருத்தி. பேஜை விட்டுப் போனவங்க நிறைய. எங்க சபையில பொன்னுலிங்கம் ஐயா ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும், "நீ போட்ட லிங்க்ல ஒரு குடை வாங்கினேன், அதாவது மழைக்குத் தாங்குமா?"ன்னு எல்லாருக்கும் கேக்கும்படி கேட்டார். தெரியாது ஐயா, விரிச்சுப் பாத்துட்டு நீங்கதான் எனக்குச் சொல்லணும்னேன். அவரு குடையைக் கக்கத்துல இடுக்கிட்டு நடந்துட்டார்.

நான் குடுத்த புகார்ல அந்தக் கடைப் பக்கத்தை ஆன்லைன்காரங்க எடுத்துட்டாங்க. நான் துள்ளிக் குதிச்சேன். ரெண்டு நாளு கழிச்சு அதே ஜாக்கெட் நீல நிறத்துல, வேற கடைப் பேர்ல வந்து நிக்குது. திரும்பவும் புகார் குடுத்தேன். ஷாஜனும் குடுத்தாரு. ஆமா, அவரு இப்பம் நம்ம பக்கம்.

ஆனா இதைக் கேளு. முட்டத்துல இருந்து ஒருத்தர் மெசேஜ் அனுப்பினாரு. அவருக்க அண்ணன் அதைப் போட்டுக்கிட்டுத்தான் கடலுக்குப் போயிட்டிருந்தாராம், வீடியோவைப் பாத்ததும் எடுத்து எறிஞ்சுட்டாராம். குளச்சல்ல ஒரு அக்கா, அவங்க சங்கத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டினாங்களாம். அவங்க எல்லாரும் கடைசியில கேக்குறது ஒரே கேள்விதான். 'அப்பம் எதைத்தான் வாங்க? நல்லது எதுன்னு சொல்லு.'

எனக்குத் தெரியாது. குளத்தங்கரையில இருக்குறவளுக்கு என்ன தெரியும்? உங்க கரைக்குத் தெரியும். அந்தப் பாழாப்போன ஜாக்கெட்டுல வந்த கமிஷனைத் தொடாம வச்சிருந்தேன். அதை எடுத்து வேற வேற மூணு ஜாக்கெட் உனக்க விலாசத்துக்கு ஆர்டர் போட்டிருக்கேன். நீங்க கடல்ல போட்டுப் பாத்து நல்லதுன்னு சொன்னா மட்டும் லிங்க் போடுதேன். வர்றதுல பாதி உனக்கு. வேண்டாம்னா திருப்பி அனுப்பிரு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.

பெபிஷா


தேங்காப்பட்டணம்
16 ஆகஸ்ட்

பெபிஷா,

பார்சல் மூணும் வந்துது. மாமி பாத்ததும், "இந்தச் சனியன் இந்த வீட்டுக்குள்ள இனி வரப்பிடாது"ன்னா. அவ சொல்லுறதும் நியாயம்தானே. திருப்பி அனுப்பிரலாம்னு நினைச்சு வாசல்ல வச்சிருந்தேன். அடுக்களையில இருந்து வந்து பாத்தா, நாற்காலி காலியா கெடக்கு. இவிய தரையில இருந்து, ஒத்தைக் கையால கவரைப் பிடிச்சு பல்லால கிழிக்காவ.

ஒரு ஜாக்கெட்டை எடுத்து, தையலை இழுத்துப் பாத்து, மோந்து பாத்து, "இதை ஆரு அனுப்பினது?"ன்னாவ. பெபின்னேன். "அவளுக்கு இப்பமாவது அறிவு வந்துதா?"ன்னாவ. ஒண்ணரை மாசத்துக்குப் பிறகு அவிய முழுசாப் பேசினது அதுதான். உன்னைத் திட்டினது எனக்குத் தேன் மாதிரி இருந்துது, கோவிச்சுக்காதே.

மறுநாள் காலத்த சபீரை விளிச்சு, "வாலே"ன்னு சொல்லி கடக்கரைக்கு எறங்கிட்டாவ. தோளுக்குப் போட்ட கட்டைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு! நான் பின்னால ஓடினேன். மூணையும் கயித்துல கட்டி உப்புத்தண்ணியில பகல் முழுக்க ஊறப் போட்டாவ. சாயங்காலம் சபீர் ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு எறங்கினான். கரையில நின்னு இவிய கத்துறாவ, "கையை விடு! காலை அசைக்காதே! செத்த பொணம் மாதிரி கெடலே!" தெருவே கூடிட்டு.

முதல் ஜாக்கெட்டுல ஜிப் உப்பு பிடிச்சு இறுகிப் போச்சு. ரெண்டாவது மிதந்துது, ஆனா சபீரைக் குப்புறப் போட்டுது. மயங்கிக் கெடக்குற ஆளுன்னா மூக்குல தண்ணி ஏறும், அது வேண்டாம்னாவ. மூணாவது, நல்லாச் செஞ்சிருக்கான். சபீரைத் தானே மல்லாத்தித் தலையை மேல தூக்கி வச்சுது. அவன் அசையாம கெடந்தான், திரை வந்து தூக்கித் தூக்கி வச்சுது. மாமி மண்ணுல இருந்து அழுதா. நானும்தான். உனக்கு அழாதேன்னு சொன்னவ நான்.

அதுலயும் ஒரு குறை. வலை இழுக்கும்போ காலர் கழுத்தை உரசுது, தோல் பொளியும். அதையும் சொல்லச் சொன்னாவ. பருத்தித் துணி சுத்திக்கிட்டா சரியாவும். குறையைச் சொல்லாம லிங்க் போட்டா பாத்துக்கோ.

வீடியோவை முப்ஷிரா எடுத்திருக்கா, அனுப்புதேன். பேசினது நான். முகம் வேண்டாம், குரல் போதும். கமிஷன்ல எனக்குப் பாதி வேண்டாம். தண்ணியில எறங்குறவனுக்குக் கூலி குடு, சபீர் இப்பமே கேக்கான்.

பிளாக்கை எடுத்துட்டேன். ஆனா கடுதாசியே எழுது. போன்ல நீ எனக்கிட்ட பேசினாலும் 'மக்களே'ன்னு பேசுற மாதிரிதான் இருக்கு. பேப்பர்ல நீ வேற ஆளா இருக்க.

சஃப்னா


கருங்கல்
29 ஆகஸ்ட்

சஃப்னா,

நீ பேசின வீடியோவை நான் ஒரு வார்த்தை மாத்தல்ல. 'இது கழுத்தை உரசும், பொறுக்க முடியாதவங்க வாங்காதீங்க'ன்னு நீ சொல்லுற இடத்துல ஷாஜன், "இப்படிச் சொன்னா ஆரு வாங்குவா?"ன்னாரு. வாங்குதாங்க! கழுத்து உரசும்னு சொன்னதுனாலதான் நம்பி வாங்கினோம்னு எழுதுதாங்க. 'பேசுற அக்கா ஆரு, அவங்க சொன்னா போதும்'னு எத்தனை பேரு! நான் இத்தனை நாளா பவுடர் பூசி, லைட்டு வச்சு, சிரிச்சு சிரிச்சுப் பேசினது வீணு.

ஒரு டார்ச் கம்பெனிக்காரன் விளிச்சான். தண்ணியில விழுந்தாலும் எரியும்னு சொல்லி ஒரு வீடியோ போடுங்க, தனியா பணம் தாறோம்னான். டார்ச்சை அனுப்புங்க, எங்க ஆளுங்க கடல்ல முக்கிப் பாத்துட்டுச் சொல்லுவாங்கன்னேன். பிறகு விளிக்கல்ல.

இப்பம் பழைய மாதிரி தினமும் லிங்க் போட முடியல்ல. ஒரு சாமானை வாங்கி, வீட்டுல போட்டு அடிச்சு, பிறகு சொல்லணும்னா நாளாகுது. வரவு கொறைஞ்சுதான் போச்சு, உனக்கிட்ட மறைக்க என்ன இருக்கு. ஆனா முன்ன எல்லாம் வீடியோ போட்டுட்டு போனைக் கமத்தி வச்சிருவேன், ஆரும் ஏதாவது கேட்டா பதில் சொல்லத் தெரியாதேன்னு. இப்பம் கேள்வி வந்தா சந்தோஷமா இருக்கு.

ஜாஸிம் அண்ணன் திரும்பக் கடலுக்குப் போகப்போறாருன்னு சபீர் கூலி கேக்க விளிச்சப்போ சொன்னான். நீ சம்மதிச்சியா? அதைப் பத்தி நீ எழுதவே இல்ல. அதனாலதான் கேக்குதேன்.

பெபிஷா


தேங்காப்பட்டணம்
11 செப்டம்பர், வியாழன்

பெபி,

சம்மதிக்கல்ல. அதனாலதான் எழுதல்ல.

கட்டு அவிழ்த்து டாக்டர் சரின்னு சொன்னதுல இருந்து வீட்டுல இதே பேச்சு. "கரையில ஏதாவது சோலி பாக்கலாமே"ன்னேன். "எனக்கு அது தெரியாதே"ன்னாவ. "ஜாக்கெட் போட்டா திரை பயப்படுமா?"ன்னு கேட்டேன். "திரை பயப்படாது. நான் கொஞ்சம் பயப்படாம இருப்பேன்"னாவ.

இன்னைக்குக் காலத்த போனாவ. அந்த மூணாவது ஆரஞ்சு ஜாக்கெட்டுல இன்னொண்ணும் வாங்கி வச்சிருந்தோம், சபீரும் போட்டுக்கிட்டான். அவனுக்கு நாங்க ஆரும் சொல்லல்ல, தானே எடுத்து மாட்டினான். நான் வாசல்ல நிக்காம அடுக்களையிலயே நின்னேன். வள்ளம் தள்ளுற சத்தம் கேட்டுது. பிறகு அந்த அடுக்களையில எனக்கு ஒரு சோலியும் ஓடல்ல.

இப்பம் கடக்கரையில கல்லு மேல இருந்து இதை எழுதுதேன். காத்து பேப்பரைப் பிடுங்குது, எழுத்து கோணலா இருக்கும். பொழிமுகத்துல இன்னைக்குத் திரை பரவாயில்லன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு ஒவ்வொண்ணும் பெருசாத்தான் தெரியுது.

ரெண்டு வள்ளம் வந்தாச்சு. ஒண்ணு கமருதீன் காக்காவுக்கது. நம்ம வள்ளத்தைப் பாத்தீங்களான்னு கேட்டேன், தெற்க வலை இழுத்துக்கிட்டு நின்னாங்கன்னார். நல்ல சாளை மீன் கிடைச்சிருக்குன்னார். மாமியும் வந்து பக்கத்துல இருந்தா. அவ எனக்க முந்தானை நுனியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா, அவளுக்கே தெரியல்ல.

இன்னொரு வள்ளம். இல்ல, அது வேற ஆளு.

வெள்ளிக்கிழமை இங்க ஆரும் கடலுக்குப் போவமாட்டாங்க. அடுத்த வெள்ளிக்கு நீ ஷாஜனைக் கூட்டிக்கிட்டு மத்தியானத்துக்கு வா. மாமி உன்னை வராந்தாவுல நிப்பாட்டமாட்டா. நானே கேட்டுட்டேன். "அவளுக்கு மீன் முள்ளெடுத்துத் தின்னத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டா.

தெரியுது பெபி. ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு, ஒண்ணு முன்னால, ஒண்ணு எஞ்சின்கிட்ட. பொழிமுகத்துக்கு வருது. ஒரு திரை தூக்குது. இப்பம் கீழ எறக்குது. மாமி எழும்பிட்டா. தாண்டிட்டாங்க. தாண்டிட்டாங்க, உள்ள வந்தாச்சு. இவிய ஒத்தைக் கையைத் தூக்கி ஏதோ கத்துறாவ, காத்துல கேக்கல்ல.

மாமி பாதி தூரம் ஓடியாச்சு. நான் எழுதிக்கிட்டே இருந்தா வள்ளத்தை ஆரு பிடிப்பா? போறேன்.

சஃப்னா